வீட்டில் நாமே ஸ்பார்க் பிளக் மாற்றலாமா? முதல் தடவை செய்பவருக்கு விரிவான பதில்

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அப்பா ஓடிய கொரோலா 121 இப்போது அவரிடம். சந்தியில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் கார் நடுங்குகிறது. ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் மிதித்தால் ஒரு கணம் திக்கிவிட்டுத்தான் இழுக்கிறது. பெற்றோலும் முன்னைவிடக் கூடுதலாகப் போகிறது. கராஜில் பெற்றோலைப் பொறியால் பற்றவைக்கும் நான்கு பிளக், அவற்றுக்கு உயர் வோல்ட் தரும் நான்கு கொயில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். கொயிலின் விலையைக் கேட்டதும் யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்துவிட்டார். இதுவரை ஸ்பானர் பிடித்ததே இல்லை, பிளக்கையாவது வீட்டில் நானே மாற்றலாமா, எதையாவது உடைத்துவிடுவேனா என்பது அவருடைய கேள்வி.

மாற்றலாம், தங்கச்சி. உங்கள் காரில் நான்கு பிளக்கும் எஞ்சினின் உச்சியில் வரிசையாக இருக்கின்றன. பொனட்டைத் திறந்து மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் கொயில்கள் கண்ணுக்குத் தெரியும். பழகுவதற்கு இதைவிட நல்ல எஞ்சின் கிடைப்பது அரிது. முதல் தடவை என்பதால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும்.

இந்த வேலையில் உண்மையாகப் பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான்: பிளக் உட்காரும் துளையின் புரி. கராஜில் திரெட் என்பார்கள். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் அலுமினியம், பிளக்கின் உடல் எஃகு. இரண்டும் கோணலாக மோதினால் கெட்டுப்போவது அலுமினியம்தான். பிளக் கெட்டால் கடையில் இன்னொன்று இருக்கிறது. புரி வழுக்கிப்போனால் ஹெட்டுக்கே வேலை வந்துவிடும். கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்தப் புரியைக் காப்பாற்றுவது பற்றித்தான்.

பிளக் வாங்கப் போகும் முன் ஒரு சின்னச் சோதனை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி கியரை டி-யில் வைத்து நடுக்கத்தைக் கவனியுங்கள். பிறகு என்-னுக்கு மாற்றுங்கள். டி-யில் ஒரே சீராக அதிர்ந்து, என்-னுக்கு வந்ததும் அடங்கிவிட்டால் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் றப்பர்கள் ஓய்ந்துபோயிருக்கலாம். இந்த வயதுக் கார்களில் அது சர்வசாதாரணம், பிளக் மாற்றி அது போகாது. என்-னிலும் நடுக்கம் இருந்து, அதுவும் சீராக இல்லாமல் இடைக்கிடை ஒரு அடி விடுபடுவதுபோல இருந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் பற்றவைப்பு தவறுகிறது. மிஸ்ஃபயர் என்பது இதுதான்.

நீங்கள் சொன்னதில் ஏற்றத்தில் திக்குவது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏற்றத்தில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக்கூட, பிளக் முனையின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய்வதற்குக் கூடிய வோல்ட் தேவை. பற்றரியின் 12 வோல்ட்டைக் கொயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலே உயர்த்தித் தருகிறது. பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் சமதரையில் எப்படியோ சமாளிக்கும், சுமை ஏறும்போது பொறி தவறும். ஆகவே பிளக்கில் சந்தேகப்படுவது சரியான இடம்தான்.

பிளக் ஏன் தேய்கிறது என்று கேட்டால், கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 2000 சுற்றில் எஞ்சின் ஓடினால் ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு ஆயிரம் தடவை பொறி விடுகிறது. திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு ஆறு மணித்தியாலம் ஓடினால் ஒரு பிளக்குக்கு மூன்றரை லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு பொறியும் முனையில் இருந்து ஒரு துணுக்கு உலோகத்தை எடுத்துக்கொண்டுதான் போகிறது.

எவ்வளவு காலம் வரும் என்பது முனையின் உலோகத்தைப் பொறுத்தது. சாதாரண நிக்கல் பிளக் 20,000 கிலோமீற்றர் அளவில் மாற்ற வேண்டியது. இரண்டு முனையிலும் இரிடியம் அல்லது பிளாட்டினம் உள்ள நீண்டகாலப் பிளக் ஒரு லட்சம் கிலோமீற்றர் வரை போகும். பெட்டியில் இரிடியம் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரு லட்சம் ஓடும் என்று நினைக்காதீர்கள். நடு முனை மட்டும் இரிடியமாக, மேலே வளைந்து நிற்கும் முனை சாதாரண நிக்கலாக இருக்கும் பிளக்குகளும் உண்டு, அவை அவ்வளவு தாங்காது. வேகன் ஆர் போன்ற 660 சிசி கார் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சின்ன எஞ்சின் எப்போதும் கூடிய சுற்றில் ஓடுவதால் அதே வகைப் பிளக்குக்கு ஏறத்தாழப் பாதி ஆயுள்தான்.

எந்தப் பிளக் வாங்குவது? அப்பா கையேட்டை வைத்திருந்தால் அதில் எண் இருக்கும். இல்லாவிட்டால் காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கடையில் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பிளக்கைக் காட்டி வாங்குவதை நான் ஏற்கமாட்டேன், முன்பு யாராவது பிழையானதைப் போட்டிருந்தால் அந்தப் பிழை தொடரும். எண்ணை வாசிக்கத் தெரிந்திருப்பது நல்லது. உதாரணத்துக்கு டென்சோவின் கே16ஆர்-யு11. அதில் 16 என்பது வெப்ப எண், ஆர் என்றால் ரேடியோ இரைச்சலைக் குறைக்கும் ரெசிஸ்டர் உள்ளே இருக்கிறது, கடைசி 11 என்றால் முனை இடைவெளி 1.1 மில்லிமீற்றர். என்ஜிகே-யின் பிகேஆர்5ஈ-11 என்பதில் 5 வெப்ப எண், ஈ என்றால் புரியின் நீளம் 19 மில்லிமீற்றர், 11 அதே இடைவெளி. டென்சோவின் 16-ம் என்ஜிகே-யின் 5-ம் ஒரே அளவு வெப்பத்தைக் குறிப்பவை. இரண்டு நிறுவனத்திலும் எண் கூடினால் பிளக் வெப்பத்தை வேகமாக வெளியே கடத்தும். எண் கூடினால் நல்ல பிளக் என்று அர்த்தம் இல்லை. உங்கள் எஞ்சினுக்குச் சொன்னதுதான் நல்லது.

போலிகள் நிறைய உலாவுகின்றன. பெட்டி அசலைப் போலவே இருக்கும், அதனால் பெட்டியைவிடப் பிளக்கைப் பாருங்கள். நடு முனை சரியாக நடுவில் நிற்கிறதா? நான்கிலும் இடைவெளி ஒரே அளவா? வெள்ளைப் பீங்கானில் எழுத்துக் கூர்மையாக இருக்கிறதா? அடியில் உள்ள வொஷர் கையோடு கழன்று வந்தால் சந்தேகப்படுங்கள், அசலில் அது லேசில் வராது. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் இருந்து யாரிடமாவது சொல்லி எடுப்பித்தாலும், இங்கே டவுனில் வாங்கினாலும், பற்றுச்சீட்டுத் தரும் கடையில் வாங்குங்கள். கையில் இருந்து சீமெந்துத் தரையில் விழுந்த பிளக்கைப் போடாதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே பீங்கான் வெடித்திருக்கும்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. உள்ளே றப்பரோ காந்தமோ உள்ள 16 மில்லிமீற்றர் பிளக் சொக்கெட், அதைத் திருப்ப ஒரு ராட்செட் கைப்பிடி, அரை முழ நீளத்தில் ஒரு நீட்டுக் கம்பி, கொயிலின் போல்ட்டுக்கு 10 மில்லிமீற்றர் சொக்கெட், ஒரு டோர்ச், பழைய பருத்தித் துணி, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் இருந்தால் மிக நல்லது. யாரிடமாவது இரவல் வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லாமலும் செய்யலாம், அந்த முறையையும் சொல்கிறேன். சாதாரண சொக்கெட்டால் மட்டும் செய்யாதீர்கள். றப்பர் இல்லாவிட்டால் பிளக் ஆழக் குழியில் இருந்து மேலே வராது, கோணலாகப் பிடித்தால் பீங்கானும் உடையும்.

நேரம்: விடியற்காலை. இரவெல்லாம் நின்ற காராக இருக்க வேண்டும். சூடான ஹெட்டில் பிளக்கைக் கழற்றினால் சூட்டில் விரிந்திருக்கும் அலுமினியப் புரியைப் பிளக் இழுத்துக்கொண்டு வரலாம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இங்கே ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிடும், மண்ணும் பறக்கும். அப்படிப்பட்ட நாளில் திறந்தவெளியில் செய்யாதீர்கள். காற்றுப் படாத பக்கமாகவோ கூரைக்குள்ளோ நிறுத்துங்கள். சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போடுங்கள், ஹாண்ட்பிரேக் போடுங்கள், கையில் உள்ள வளையல், மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள்.

இனி வேலை. ஒரே நேரத்தில் நான்கையும் பிரித்துப் போடாமல் ஒரு சிலிண்டரை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதே முதல் தடவைக்காரருக்கு நல்லது. மூன்று துளைகள் எப்போதும் மூடியே இருக்கும், எதுவும் விழாது, எந்த வயர் எங்கே என்ற குழப்பமும் வராது.

பிளாஸ்டிக் மூடியை எடுத்ததும் உங்கள் முன்னால் நான்கு கறுப்புக் கொயில்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப் வயர், ஒரு 10 மில்லிமீற்றர் போல்ட். முதலில் கிளிப். இந்தக் கிளிப்பில் அவசரப்படாதீர்கள். 2020 மார்ச்சில் இருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் கார் இறக்குமதியே நின்றிருந்ததால் நம் வீதிகளில் ஓடுபவற்றில் பெரும்பகுதி வயதான கார்கள். பல வருடம் எஞ்சின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். பூட்டை விரலால் அழுத்தி, முதலில் கொஞ்சம் உள்ளே தள்ளி, பிறகு வெளியே எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்கவே வேண்டாம். உப்புவெளி, நிலாவெளி போலக் கடலை ஒட்டி நிற்கும் கார்களில் உள்ளே செம்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும். கொன்டக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துவிடுங்கள். சில நேரம் மிஸ்ஃபயருக்குக் காரணமே அதுதான்.

போல்ட்டைக் கழற்றி, கொயிலை இடமும் வலமும் மெதுவாக அரைவட்டம் திருப்பி, நேராக மேலே இழுங்கள். அடியில் உள்ள றப்பர் பிளக்கில் ஒட்டியிருப்பதால் முதலில் பிடிவாதமாக இருக்கும். வந்ததும் றப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது டோர்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். மண், இலைத்தூள் இருந்தால் பம்பின் குழாயை உள்ளே விட்டு ஊதி வெளியேற்றுங்கள், கண்ணைத் தள்ளி வைத்துக்கொண்டு. பிளக்கைக் கழற்றிய பிறகு ஊதினால் அந்த மண் நேரே சிலிண்டருக்குள் போய்விடும், அதனால் ஊதுவது முதலில். தண்ணீர் நின்றால் துணியைக் கம்பியில் சுற்றி ஒற்றி எடுங்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் எஞ்சினுக்கு அழுத்தத் தண்ணீர் அடித்துக் கழுவினால் இங்கேதான் தேங்கும். வாடை மழைக்காலத்தில் கழுவிய அடுத்த நாள் கார் நடுங்கத் தொடங்கியது என்று வருபவர்களுக்குப் பல நேரம் பிளக் மாற்றவே தேவையில்லை, குழியை உலர்த்தினால் போதும். குழிக்குள் ஒயில் நின்றால் வால்வ் கவரின் றப்பர் சீல் கசிகிறது என்று அர்த்தம். அதைத் துடைத்துவிட்டுத் தொடரலாம், ஆனால் அந்தச் சீலை விரைவில் மாற்ற வேண்டும். ஒயில் கொயிலின் றப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

சொக்கெட்டை நேராக இறக்கி, பிளக்கில் முழுதாக உட்கார்ந்ததை உணர்ந்த பிறகு இடப்பக்கமாகத் திருப்புங்கள். முதலில் ஒரு சின்னக் கிறீச்சோடு விடும், பிறகு லேசாக வரும். இரண்டு சுற்றுக்குப் பிறகும் இறுக்கமாகவே இருந்தால் நிறுத்துங்கள். துருநீக்கி ஒயில் சில துளி விட்டு, நேரம் கொடுத்து, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னுமாகக் கொண்டுவாருங்கள். அப்படியும் மசியாவிட்டால் அந்த ஒன்றை மட்டும் அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுங்கள். பலத்தால் வெல்லப் பார்க்கும் நேரத்தில்தான் புரி போகிறது.

புதுப் பிளக்கின் இடைவெளியைப் பாருங்கள். நிக்கல் பிளக் என்றால் இடைவெளி அளக்கும் கேஜ் கம்பியால் 1.1 சரியாக இருக்கிறதா என்று பார்த்து, வளைந்த முனையை மட்டும் தொட்டுத் திருத்தலாம். இரிடியம் என்றால் தொடவே வேண்டாம். முனை பென்சில் ஊசியைவிட மெல்லியது, கேஜை உள்ளே விட்டால் உடையும். கம்பனியில் இருந்தே சரியான இடைவெளியோடு வருகிறது.

பொருத்தும்போது ராட்செட்டைத் தூரத்தில் வையுங்கள். பிளக்கைச் சொக்கெட்டில் மாட்டி, நீட்டுக் கம்பியை மட்டும் விரல்களால் பிடித்துக் குழிக்குள் இறக்குங்கள். முதலில் இடப்பக்கமாக, கழற்றுவதுபோல, மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் பிளக் சின்னதாக டக்கென்று கீழே இறங்கும். புரியின் தொடக்கம் அங்கேதான். அங்கிருந்து வலப்பக்கம் திருப்புங்கள். புரியின் நீளம் 19 மில்லிமீற்றர், ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீற்றர் இறங்கும், ஆகவே அடியில் உட்கார ஏறத்தாழ 15 சுற்று வேண்டும். விரல் பலத்திலேயே அவ்வளவும் போக வேண்டும். இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகினால் கோணலாக ஏறுகிறது என்று பொருள். கழற்றி மறுபடி தொடங்குங்கள். பத்துத் தடவை தொடங்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை.

விரலால் இனிப் போகாது என்று உட்கார்ந்த பிறகுதான் இறுக்குவது. டோர்க் ரெஞ்ச் இருந்தால் உங்கள் காரின் கையேட்டில் உள்ள எண்ணை வையுங்கள். பிளக் நிறுவனங்கள் 14 மில்லிமீற்றர் புரிக்கு, அலுமினிய ஹெட்டுக்கு, பொதுவாகச் சொல்வது 25 முதல் 30 நியூட்டன் மீற்றர். கார் நிறுவனம் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள். டோர்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், வொஷர் உள்ள புதுப் பிளக்கை விரல் இறுக்கத்தில் இருந்து ராட்செட்டால் அரைச் சுற்று, கூடினால் மூன்றில் இரண்டு சுற்று. வொஷர் நசுங்கும்போது கையில் ஒரு தனி இறுக்கம் தெரியும். பழைய பிளக்கையே திரும்பப் போடுவதானால் வொஷர் ஏற்கனவே நசுங்கிவிட்டது, பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்றுப் போதும், மணிக்கூட்டில் ஐந்து நிமிட தூரம். வொஷர் இல்லாமல் கூம்பு வடிவில் உட்காரும் பிளக் என்றால் பதினாறில் ஒரு பங்குதான். பெட்டியின் பக்கத்தில் இதற்குப் படம் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

புரிக்குக் கிரீஸோ ஒயிலோ பூசலாமா என்று கேட்பார்கள். கடற்கரை ஊர், துரு பிடிக்கும், அதனால் பூசு என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். புரியில் ஏற்கனவே அதற்கான உலோகப் பூச்சு இருக்கிறது. வழுக்கும் பொருள் பூசினால் அதே டோர்க்கில் பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும், காப்பாற்ற நினைத்த புரியே அதனால் கெடும். கொயில் றப்பரின் உள் விளிம்பில் சிலிக்கன் கிரீஸ் ஒரு துளி பூசலாம், அது ஈரத்தைத் தடுக்கும், அடுத்த தடவை கழற்றவும் லேசாக இருக்கும். உப்புக் காற்றுக்கு அந்த இடத்தில்தான் பாதுகாப்புத் தேவை.

கொயிலை அழுத்தி உட்காரவைத்து, போல்ட்டை விரலால் தொடங்கி, கை மணிக்கட்டு பலத்தில் மட்டும் இறுக்கி, கிளிப்பை டக் என்று சத்தம் வரும்வரை தள்ளுங்கள். அடுத்த சிலிண்டருக்குப் போகலாம்.

கழற்றிய பழைய பிளக்குகளை எறியாதீர்கள். எந்தச் சிலிண்டரில் இருந்து வந்ததோ அந்த வரிசையில் ஒரு துணியில் அடுக்கி வெளிச்சத்தில் பாருங்கள். கராஜில் வேலையைக் கொடுத்திருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குக் கிடைத்திருக்காது. வீட்டில் செய்யச் சொல்வதற்கு எனக்கு இதுதான் பெரிய காரணம்.

முனை வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் அந்தச் சிலிண்டர் நலம். உலர்ந்த கரி கறுப்பாகப் படிந்திருந்தால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. எயார் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது கார் எஞ்சின் சூடாகும் முன்பே நின்றுவிடும் குறுந்தூர ஓட்டம் மட்டும் ஓடுகிறது. வீட்டில் இருந்து டவுனுக்குப் போய் வருவது மட்டும்தான் ஓட்டம் என்றால் நான்கிலும் இதை எதிர்பார்க்கலாம். கறுப்பாகவும் ஈரமாகவும் ஒயில் பிசுபிசுப்போடும் இருந்தால் வால்வ் சீல் அல்லது பிஸ்டன் றிங் வழியே ஒயில் உள்ளே வருகிறது. அது பெரிய விஷயம், ஒயில் மட்டத்தை அடிக்கடி பாருங்கள். வெள்ளையாக வெளிறிக் கொப்புளம் போட்டிருந்தால் அந்த முனை அளவுக்கு மீறிச் சுட்டிருக்கிறது: பெற்றோல் போதாமல் காற்றுக் கூடியிருக்கலாம், பிழையான வெப்ப எண் போட்டிருக்கலாம், கூலிங் பிரச்சினையும் இருக்கலாம். மூன்று ஒருமாதிரியும் ஒன்று வேறுமாதிரியும் இருந்தால் அந்த ஒன்றின் சிலிண்டரைத்தான் கவனிக்க வேண்டும்.

வெள்ளைப் பீங்கானில், உலோக உடலுக்குச் சற்று மேலே, பழுப்பு வளையம் இருந்தால் பயப்படாதீர்கள். வாயு கசிந்ததாக அதைச் சொல்வார்கள், அது அப்படி அல்ல. உயர் வோல்ட்டுச் சூழலில் காற்றில் உள்ள ஒயில் துகள்கள் ஒட்டிய கறை, பிளக்கின் வேலையை அது கெடுக்காது.

இனிக் கொயில் விஷயம். நான்கு கொயிலும் ஒரே நாளில் சாவது மிக அபூர்வம். பிளக் மாற்றிய பிறகு கார் சீராகிவிட்டால் கொயிலுக்குக் காசு செலவழிக்கவே தேவையில்லை. இன்னும் நடுங்கினால் இப்படிச் செய்யுங்கள்: எஞ்சினை நிறுத்தி, முதலாவது கொயிலின் கிளிப்பை மட்டும் கழற்றி, ஸ்டார்ட் செய்து சில விநாடி கேளுங்கள். நடுக்கம் முன்னைவிட மோசமானால் அந்தச் சிலிண்டர் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. நிறுத்தி, மாட்டி, அடுத்ததைப் பாருங்கள். எதைக் கழற்றியும் வித்தியாசமே தெரியவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் தூங்குகிறது. இப்போது அந்தக் கொயிலையும் பக்கத்துக் கொயிலையும் இடம் மாற்றிப் போட்டு மறுபடி கேளுங்கள். கோளாறும் கொயிலோடு இடம் மாறினால் அந்த ஒரு கொயில் மட்டும் வாங்குங்கள். அதே சிலிண்டரில் நின்றால் கொயில் குற்றவாளி அல்ல, இன்ஜெக்டர், வயர், கம்ப்ரெஷன் என்று பார்க்க வேண்டும். காரின் கணினியில் பதிந்த கோளாறு எண்ணை வாசிக்கும் ஒபிடி ரீடர் உள்ள நண்பர் இருந்தால் இன்னும் லேசு: பி0301 என்றால் முதலாம் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டர், அப்படியே போகும். கழற்றி ஓடவிடும் சோதனையை நீட்டாதீர்கள். எரியாத பெற்றோல், புகைக்குழாயில் புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுவிடும். எஞ்சின் லைட் மினுக்கிக்கொண்டே மிஸ்ஃபயரோடு கார் ஓடக்கூடாது என்பதும் அதனால்தான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சில விஷயம். டீசல் வாகனங்களுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, அவற்றில் இருப்பது குளோ பிளக், அது வேறு கதை. கொயிலுக்குப் பதில் நீளமான பிளக் வயர்கள் உள்ள பழைய கார் என்றால் ஒவ்வொன்றாக மாற்றும் விதியை மீறவே கூடாது. நான்கு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் 1-3-4-2 என்ற வரிசையில் பற்றுகிறது, வயர் மாறினால் எஞ்சின் ஒழுங்காக ஓடாது. சுசுகி எவ்ரி வைத்திருப்பவர்களுக்கு எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழே இருக்கிறது, சீட்டைத் தூக்கி வேலை செய்ய வேண்டும். பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார் என்றால் ரெடி நிலையில் எஞ்சின் சத்தமே இல்லாமல் நின்றுவிட்டு தானாக ஸ்டார்ட் ஆகும். காரை முழுதாக நிறுத்தி, சாவியைக் காரில் இருந்து தள்ளி வீட்டுக்குள் வையுங்கள். செம்மஞ்சள் நிற வயர்கள் உயர் வோல்ட், அவற்றைத் தொடாதீர்கள். முதல் தடவை பழகுவதற்கு அந்தக் காரை நான் சொல்லமாட்டேன்.

எல்லாம் மாட்டியதும் குழிகளைச் சுற்றி ஸ்பானர், துணி எதுவும் விடுபடவில்லை என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் விநாடியிலேயே நடுங்கினால் பெரும்பாலும் ஒரு கிளிப் முழுதாக உட்காரவில்லை. சீராக ஓடினால் எஞ்சின் சூடாகும்வரை விட்டு, நிலாவெளி வீதியில் ஒரு ஓட்டம் ஓடி, திரும்பி வந்து ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். திக்கல் போயிருந்தால் இடோமீற்றர் எண்ணையும் திகதியையும் பிளக் பெட்டியில் எழுதிக் காருக்குள் வையுங்கள். ஏற்றத்தில் நன்றாக இழுத்தும், சந்தியில் டி-யில் நிற்கும்போது மட்டும் சீரான அதிர்வு மிஞ்சினால் முதலில் சொன்ன எஞ்சின் மவுண்டும், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும், கரி படிந்த துரொட்டில் பொடியும்தான் அடுத்துப் பார்க்க வேண்டியவை. துரொட்டில் பொடியை வீட்டில் துடைக்கலாம், மவுண்ட் மாற்ற எஞ்சினைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், அதற்குக் கராஜுக்குப் போங்கள். போகும்போது அந்த நான்கு பழைய பிளக்கையும் வரிசை மாறாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.